சொந்தக் கூடையில் ஒரு பந்து

தாண்டிப் போ தம்பி, காலைத் தட்டாதே. அவள் முழித்துக்கொண்டால் நீயா வந்து தூங்க வைப்பாய்? வேண்டாம், சமோசாவும் வேண்டாம். காலையில் பொரித்ததை இன்னும் விற்கிறாய், வாசனையே சொல்கிறது.

நீங்கள் தப்பாக நினைக்காதீர்கள். ஜன்னல் சீட் உங்களுடையது, கேட்டதும் விட்டுக்கொடுத்தீர்கள். ஷட்டரையும் இறக்கிவிட்டேன், உங்களுக்குப் புழுங்கும். என்ன செய்ய, வெளிச்சம் பட்டால் முகத்தைச் சுளிக்கிறாள். நேற்று சாயங்காலம் முழுக்க ஸ்டேடியம் விளக்குக்கு அடியில் ஓடியவள், கண் கூசிப்போயிருக்கும். வேறொன்றும் இல்லை.

உயரத்தைப் பார்க்கிறீர்கள். பாருங்கள், எல்லோரும் பார்ப்பார்கள். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் என்னோடு நடந்து வந்தால் கத்தரிக்காய்க்காரன் தராசை விட்டுவிட்டு இவளைப் பார்ப்பான். என் மகள்தான். பேர் பிரிஸ்கா. பேஸ்கட்பால். பேப்பரில் கடைசிப் பக்கத்தில், கிரிக்கெட்டுக்கெல்லாம் கீழே, விரல் அகலத்துக்கு ஒரு கட்டம் போடுவார்கள், அதில் வருவாள். "பிரிஸ்கா அபாரம்." நாலு வருஷமாக அதே அபாரம்தான், வேறு வார்த்தை அவர்களுக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் டோர்னமென்ட் முடிந்து ஊருக்குப் போகிறோம். டீம் பெண்களெல்லாம் காலை பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். இவளுக்குக் கொஞ்சம் அசதி, அதனால் நான் ரயிலில் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பில் இப்படிச் சொல்லக் கூடாதுதான். நான் கான்வென்ட்டில் படித்தவள், எங்களுக்கு அதெல்லாம் அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்து பேசிக்கொண்டிருந்தால் பயம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. கரூர் தாண்டியதிலிருந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், முடியவில்லை. அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். மேலே உங்கள் பையில் இருப்பது கல்யாண ஜவுளியா? நல்லது. கேளுங்கள்.

என்ன பயமா? அந்த வீடியோதான்.

இப்படிப் பாதியில் ஆரம்பித்தால் உங்களுக்குப் புரியாது. இவள் பிறந்தபோதே நீளம். ஏழாவது படிக்கும்போது என் தோளைத் தாண்டிவிட்டாள். அந்த வயதில் மற்றப் பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்தால் இரண்டு வருஷம் வரும், இவளுக்கு இரண்டு மாதம். ஒருநாள் ஸ்கூல் விட்டு வெகுநேரம் ஆகியும் வரவில்லை. நான் சண்டைக்குத்தான் போனேன். பிள்ளைகளை இருட்டும் வரை மைதானத்தில் போட்டு வறுத்தெடுக்க நீங்கள் யார் என்று பி.டி. சிஸ்டரைக் கேட்பதற்கு, வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு போனேன். அங்கே இவள் ஒரு ஓரமாக நின்று பந்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். வளையத்தில் படாமல் வலையில் மட்டும் இறங்குமே, அந்தச் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? புதுப் புடவையை உதறினால் வரும் சத்தம். திரும்பத் திரும்ப அந்தச் சத்தம். நான் கொண்டுபோன வார்த்தைகளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

சிஸ்டர் அலோஷியா சொன்னார், "உங்க பொண்ணுக்குப் பந்து எங்க போகணும்னு பந்துக்கு முன்னாடியே தெரியுது." எனக்கு அந்த மாதிரி அலங்காரப் பேச்சு பிடிக்காது. ஆனால் உண்மை.

அதற்குப் பிறகு நான் வீட்டில் இருந்த நாள் குறைவு. முட்டை அவித்தேன், கால் பிடித்துவிட்டேன், ஜெர்சி துவைத்தேன், ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி அதிகாரிகளிடம் சண்டை போட்டேன். பள்ளிக்கூட அணி, மாவட்டம், மாநிலம், அப்புறம் வேலை. விளையாட்டுக் கோட்டாவில் எடுத்தார்கள், ஆபீஸ் டீமுக்கு ஆடுகிறாள். போன வருஷம் ஒரே மேட்ச்சில் நாற்பத்தேழு பாயிண்ட். ஒருத்தி மட்டும். எதிர் டீம் மொத்தமுமே ஐம்பத்திரண்டுதான். ஸ்கோர் எழுதுகிற பையன் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, அக்கா பேர் எழுதி எழுதி பேனா தீர்ந்து போச்சு" என்றான்.

நிறைய பாயிண்ட் போடுகிறவளுக்கு என்ன நடக்கும் தெரியுமா? எல்லோரும் கைதட்டுவார்கள், மைதானத்தில் எல்லோரும் அடிப்பார்கள். ஒருத்தி முன்னால் நிற்பாள், ஒருத்தி பின்னால் நிற்பாள். நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் நகத்தால் கீறுவார்கள், முழங்கையால் குத்துவார்கள். இவள் முதுகைக் காட்டினால் நீங்கள் பயந்துபோவீர்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தேன். விழுந்தால் உடனே எழுந்திரு. முகத்தில் காட்டாதே. வலித்தால் ஒப்புக்கொடுத்துவிடு.

நீங்கள் எங்கள் வேதம் இல்லை போலிருக்கிறது. ஒப்புக்கொடுக்கிறது என்றால், வலியை ஆண்டவருக்குக் கொடுத்துவிடுவது. "இது உமக்கு" என்று மனதுக்குள் சொல்லிவிட்டால் முடிந்தது, அப்புறம் அதைப் பற்றிப் பேசக் கூடாது. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பீர்களா? கான்வென்ட்டில் முழங்காலில் நிற்கவைப்பார்கள், பல்வலி வரும், வீட்டு ஞாபகம் வரும், எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து. நான் அப்படித்தான் வளர்ந்தேன். இவளையும் அப்படித்தான் வளர்த்தேன். விரல் பிசகி வீங்கிப்போய் முழு மேட்ச்சும் ஆடிவிட்டு, ராத்திரி சாப்பிடும்போது இடது கையில் ஸ்பூன் பிடித்தாளே, அப்போதுதான் எனக்கே தெரியும். டீமில் மற்றப் பெண்கள் கொசு கடித்தால் ஸ்ப்ரே கேட்பார்கள். என் மகள் வாயிலிருந்து வலிக்குது என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த டீக்காரர் போகட்டும், இருங்கள். சத்தமாகக் கத்துகிறார். பரவாயில்லை, அவள் அசையக்கூட இல்லை. நல்ல தூக்கம். தூக்கம் உடம்புக்கு நல்லதுதானே?

நேற்றைக்கு ஃபைனல். முதல் பாதி முடியும்போது எங்கள் டீம் முன்னால். இடைவேளை முடிந்ததும் இரண்டு அணியும் பக்கம் மாறும். அதுவரை எந்தக் கூடையில் போட்டார்களோ, அதை இனிமேல் காப்பாற்ற வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இரண்டாவது பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கூடைக்கு அடியில் எல்லோரும் ஒன்றாக எம்பினார்கள். அந்த டீமில் ஒரு தடிச்சி இருக்கிறாள், பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் பாவம். அவள் முழங்கை இவள் நெற்றிப்பொட்டில் இறங்கியது. கேலரியில் இருந்த எனக்குக் கேட்டது. இவள் விழுந்தாள். விழுந்த வேகத்தில் தலை தரையில் பட்டது. அது மரத்தரை, சிமென்ட் இல்லை. உடனே எழுந்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, கை கொடுக்க வந்தவளின் கையைக்கூடப் பிடிக்காமல்.

அடுத்த பந்து இவளிடம்தான் வந்தது. வாங்கினாள், திரும்பினாள், ஓடினாள். அப்படி ஒரு ஓட்டம். ஒருத்திகூட மறிக்கவில்லை. எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது, என்ன அழகாகப் போகிறாள் என்று. எம்பி, வலிக்காமல் வைத்தாள் பாருங்கள், வலைகூட அசையாத மாதிரி. வைத்துவிட்டு ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள்.

எங்கள் கூடை.

எதிர் டீமுக்கு இரண்டு பாயிண்ட். மொத்த ஸ்டேடியமும் சிரித்தது. ஏதோ கோமாளி வந்து போன மாதிரி சிரித்தார்கள். நடுவரே சிரித்தார். இவள் மட்டும் அப்படியே நின்றுகொண்டு, ஏன் சிரிக்கிறார்கள் என்று பார்த்தாள். யாரோ ஒரு வேலையில்லாத பையன் அதை வீடியோ எடுத்துவிட்டான். பின்னணியில் பாட்டு வேறு சேர்த்திருக்கிறான். நேற்றிலிருந்து ஊர் முழுக்க அதுதான். எங்கள் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் ஜெபம் போடுகிற இடத்தில் அதைப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது புரிகிறதா என் பயம்? திங்கட்கிழமை இந்திய அணிக்கு கேம்ப். இவளுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. இந்த வருஷம் விட்டால் அடுத்து பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பதினைந்து வருஷமாக ஓடியது இந்த ஒரு திங்கட்கிழமைக்குத்தான். தேர்வுக்குழுவில் யாராவது அந்த வீடியோவைப் பார்த்து, எந்தக் கூடை யாருடையது என்று தெரியாத பெண் என்று சொல்லிவிட்டால்?

கோச் தனுஷ்கோடிக்கு நாக்கு என்னைவிட நீளம். "என்னக்கா, உங்க மக எதிர் டீமுக்கும் படியளக்க ஆரம்பிச்சுட்டா" என்றார். "அவங்களுக்கும் கொடுத்துச் சாப்பிடட்டும்னு விட்டிருப்பா. உங்களை மாதிரி இலையை வளைச்சுக்கிட்டுத் தனியாச் சாப்பிட்டு வளர்ந்தவ இல்ல அவ" என்று நானும் கொடுத்தேன். சிரித்தார். ஆனால் அவளை வெளியே எடுக்கவில்லை. ஃபைனலில் யார் எடுப்பார்கள்? அதற்கப்புறமும் அவள் பன்னிரண்டு பாயிண்ட் போட்டாள், தெரியுமா? ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஓடிய பெண், "அக்கா, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று கை காட்டிக்கொண்டே இருந்தாள், அது வேறு விஷயம். கோப்பை எங்களுக்குத்தான். இவளிடம்தான் கொடுத்தார்கள், அதோ சீட்டுக்கு அடியில் இருக்கிறது. தலையில் பலமாக அடிபட்டவள் பன்னிரண்டு பாயிண்ட் போடுவாளா? நீங்களே சொல்லுங்கள்.

அங்கே டோர்னமென்ட்டுக்கு ஒரு டாக்டர் பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். சின்னப் பெண், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாலை மாதிரி. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். "இன்னிக்கு யார்கூட மேட்ச்?" என்று கேட்டாள். இவள் போன வருஷத்து டீம் பெயரைச் சொன்னாள். இருபது டீமோடு ஆடுகிறவளுக்குக் குழம்பாதா? நான்தான் பெயரை எடுத்துக்கொடுத்தேன். "எந்த ஊர்ல இருக்கோம்?" என்றாள். அதையும் நான்தான் சொன்னேன். "அம்மா, நீங்க சொல்லாதீங்க, அவங்க சொல்லட்டும்" என்று என்னையே அதட்டுகிறாள். இவளுக்குப் புது ஆட்களிடம் கூச்சம், நான் பேசாமல் யார் பேசுவது?

கடைசியில் ஸ்கேன் எடுக்கணும், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கணும், பயணம் கூடாது என்றாள். தூங்கினால் நடுவில் எழுப்பிப் பார்க்கணும், வாந்தி எடுத்தால் உடனே கூட்டிட்டு வாங்க என்றாள். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். தலையில் ஸ்கேன் எடுத்தாள் என்று கேம்ப்புக்குத் தெரிந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கென்ன, ஒரு ஆள் குறைந்தால் நல்லது.

வாந்தியா? காலையில் எடுத்தாள். லாட்ஜில் கொடுத்த சட்னி அப்படி. நான் வாயில் வைத்ததுமே சொன்னேன், முந்தின நாள் தேங்காய் என்று. நான் சாப்பிட்டேனே, எனக்கு ஒன்றும் செய்யவில்லை, அது என் வயிறு.

இருங்கள், வீட்டுக்காரர் கூப்பிடுகிறார்.

"ஏங்க, சொல்லுங்க. ஆமா, கரூர் தாண்டியாச்சு. தூங்கிட்டிருக்கா. நல்லாத்தான் இருக்கா. எதுக்கு இப்ப எழுப்பணும்? கேட்டா. காலையில உங்களைக் கேட்டாளே. அப்பா வந்தாச்சான்னு கேட்டா. இல்ல, நீங்க வரலன்னு சொன்னேன். மறுபடியும் கேட்டா, மறுபடியும் சொன்னேன். தூக்கக் கலக்கம்ங்க. ஒண்ணும் இல்லங்க. என் குரல் நல்லாத்தான் இருக்கு. வைங்க, டவர் இல்ல."

டவர் இருக்கிறது. அவர் பயந்த சுபாவம், அதனால் சொன்னேன். அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஏதோ கேட்க வருகிறீர்கள், கேளுங்கள்.

ஆமாம், வலிக்குதுன்னு சொன்னாள். காலையில். நான் சொல்லவில்லையா உங்களிடம்? லாட்ஜில் நான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஒரு பக்கத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, "அம்மா, தலை வலிக்குதும்மா" என்றாள். நான் வழக்கம்போல, "ஒப்புக்கொடுத்திரு, ட்ரெயின்ல தூங்கினா சரியாயிரும்" என்றேன். "கொடுத்துட்டேம்மா. போகமாட்டேங்குது" என்றாள்.

இல்லை, அதற்கு முன்னால் சொன்னதில்லை. அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன். எலும்பு விலகியபோது சொல்லவில்லை. புருவம் கிழிந்து தையல் போட்டபோது சொல்லவில்லை. எந்த வலியையும் சொல்லாத பெண்.

ம்.

நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. திரும்பக் கேட்க வேண்டாம்.

அப்படியென்றால் இன்றைக்கு எவ்வளவு வலித்திருந்தால் சொல்லியிருப்பாள் என்றுதானே கேட்டீர்கள்.

எனக்குத் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? அவள் சொன்னால்தானே எனக்கு அளவு தெரியும். நான்தான் சொல்லாதே என்று...

அந்த ஷட்டரைத் தூக்குங்கள். வெளிச்சம் வரட்டும். பிரிசி. பிரிசி, எழுந்திரும்மா. அம்மா பாரு. மூச்சு இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். ஈரோட்டிலிருந்து மூக்கடியில் விரல் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன், நீங்கள் பார்க்காத நேரமாகப் பார்த்து. பிரிசி. முகத்தில் தண்ணீர் தெளிக்கட்டுமா? தெளிக்கிறேன்.

கண்ணைத் திறந்தாள் பாருங்கள். நான் சொன்னேனே. என்னம்மா? தண்ணியா? இந்தா பாட்டில், பிடி. பிடி தங்கம். நல்லாப் பிடி.

விட்டுவிட்டாள். பரவாயில்லை, தண்ணீர்தானே, உங்கள் புடவையில் பட்டுவிட்டதா? இன்னொரு தடவை. வலது கையால் பிடிம்மா. விரலை மடக்கு. இதோ நான் விரலைப் பிடித்து மடக்கிவிடுகிறேன், நீ பிடித்துக்கொள். மடங்கு என்றால் மடங்கமாட்டேன் என்கிறது. இந்தக் கைதான். இந்தக் கையில்தான் அவ்வளவு பாயிண்ட்டும். வெண்ணெயில் செய்த கை மாதிரி வழிகிறதே. பிரிசி, அம்மாவைப் பாரு. இந்தக் கண்ணில் கறுப்பு சின்னதாக இருக்கிறது, அந்தக் கண்ணில் பெரிதாக இருக்கிறது. நீங்கள் பாருங்கள், எனக்குக் கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை. பெரிதாகத்தானே இருக்கிறது? இல்லை என்று சொல்லுங்கள்.

சரி. சொல்லாதீர்கள்.

அக்கா, அடுத்த ஸ்டேஷன் எது? திண்டுக்கல்லா? எவ்வளவு நேரம்? தூங்கக் கூடாதும்மா, அம்மாகூடப் பேசு. என்ன வேணும்னாலும் பேசு. வலிக்குதா? வலிக்குதுன்னு சொல்லு. சத்தமாச் சொல்லு. யார் என்ன நினைத்தால் என்ன, கத்து. ஒப்புக்கொடுக்க வேண்டாம், யாருக்கும் கொடுக்க வேண்டாம், என்கிட்ட சொல்லு.

தம்பி, சமோசா தம்பி, இங்க வாப்பா. திட்டினதுக்குக் கோச்சுக்காதே. டி.டி.ஆர் எந்தப் பெட்டியில் இருக்கார் பாரு, தலையில் அடிபட்ட பெண் என்று சொல்லு, ஓடு. இவளை இறக்க இரண்டு ஆம்பளைகள் வேண்டும், உயரம், ஒருத்தரால் முடியாது. பெட்டி கிடக்கட்டும். கோப்பையும் கிடக்கட்டும், அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகட்டும்.

அக்கா, இந்தாங்க என் போன். 108 போட்டிருக்கிறேன், மணி அடிக்கிறது. நீங்கள் பேசுங்கள். முழங்கை பட்டது, தரையில் விழுந்தது, கூடை மாற்றிப் போட்டது, டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியும் நான் எடுக்காதது, வாந்தி, அப்பா வந்தாச்சா என்று திரும்பத் திரும்பக் கேட்டது, இந்தக் கை. நான் உங்களிடம் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே சொல்லுங்கள். சட்னி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

என்னிடம் கொடுக்காதீர்கள் அக்கா. நான் பேசினால் குறைத்துச் சொல்லிவிடுவேன்.